பெருங்குடலில் தோன்றும் லிம்போமா: வயது போனவர்கள் உள்ள குடும்பங்களுக்கு

"குடலில் கட்டி என்றுதான் முதலில் சொன்னார்கள். இப்போது இரத்தப் புற்றுநோய்ப் பிரிவுக்கு அனுப்புகிறார்கள். அப்படியென்றால் கட்டி இரத்தம் முழுக்கப் பரவிவிட்டதா?"

இந்தக் கேள்வியோடு எம்மிடம் வந்த குடும்பங்கள் சில. கேட்காமலே மனதுக்குள் வைத்துக்கொண்டு, "இனி என்ன செய்து என்ன, வயது போன மனுசனை ஏன் வருத்துவான்" என்று சிகிச்சையே வேண்டாம் என முடிவெடுக்கப் போன குடும்பமும் உண்டு. ஆகவே இம்முறை எமது மருத்துவப் பக்கத்தில் பெருங்குடலில் தோன்றும் லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய் பற்றிப் பார்ப்போம். அரிதான ஒரு நோய்க்கு இவ்வளவு இடம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நோய் அரிதுதான். அதைக் கண்டுபிடிக்கும் வழியில் எமது வீடுகளில் நடக்கும் இழுபறிகள் எல்லாப் புற்றுநோய்க்கும் பொதுவானவை என்பதால் இதை எடுத்துக்கொண்டோம்.

நெறி கட்டுவது என்றால் என்ன?

காலில் புண் வந்தால் கவட்டில் நெறி கட்டும் என்பது எமது அம்மம்மாமாருக்குத் தெரிந்த விடயம். அந்த நெறிதான் நிணநீர்க் கணு. இரத்தக் குழாய்களைப் போலவே உடல் முழுவதும் நிணநீர்க் குழாய்களும் ஓடுகின்றன. அவற்றின் வழியில் ஆங்காங்கே காவல் அரண்கள் போல இந்தக் கணுக்கள் இருக்கின்றன. இவற்றுள் இருக்கும் வெண்குருதிக் கலங்களில் ஒரு வகைக்கு லிம்போசைற் என்று பெயர். கிருமிகளை அடையாளம் கண்டு எதிர்ப்பது இவற்றின் வேலை. இந்தக் கலங்களில் ஒன்று கட்டுப்பாடின்றிப் பெருகத் தொடங்கும்போது உண்டாவதே லிம்போமா. 1832இல் லண்டன் கைஸ் வைத்தியசாலையில் பணியாற்றிய தோமஸ் ஹொட்ஜ்கின் என்ற வைத்தியர் இவ்வகை நோயை முதலில் விவரித்தார். அவர் பெயரால் அழைக்கப்படும் ஒரு வகையும், அது அல்லாத பல வகைகளும் இன்று தெரியும். குடலில் வருவது பெரும்பாலும் இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தது.

சரி, கணுவில் வரவேண்டிய நோய் குடலில் ஏன் வருகிறது? நாம் உண்ணும் ஒவ்வொரு கவளத்தோடும் கிருமிகள் உள்ளே போகின்றன. அதனால் தொண்டையிலுள்ள தொன்சிலில் இருந்து மலவாசல் வரை உணவுப்பாதையின் சுவருக்குள்ளேயே லிம்போசைற்றுகள் பெருந்தொகையாகக் குடியிருக்கின்றன. சிறுகுடலின் கடைசிப் பகுதியிலும் அதை அடுத்த பெருங்குடலின் தொடக்கத்திலும் இவை இன்னும் கூடுதல். கழுத்திலோ கமக்கட்டிலோ ஒரு நெறியும் இல்லாமல், இந்தக் குடற்சுவரிலேயே லிம்போமா தொடங்கலாம். கணுக்களுக்கு வெளியே லிம்போமா தோன்றும் இடங்களில் உணவுப்பாதைக்குத்தான் முதலிடம். அதிலும் இரைப்பையில்தான் அதிகம், அடுத்தது சிறுகுடல். பெருங்குடலில் மிகக் குறைவு.

மேலே கேட்ட கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. குடலில் இருந்து இரத்தத்துக்கு எதுவும் பரவவில்லை. கட்டி இருக்கும் இடம் குடல். கட்டியாகிய கலம் இரத்தக் குடும்பத்துக் கலம். ஆகவே அதை வைத்தியம் பார்ப்பவர் இரத்தநோய் நிபுணர். அந்தப் பிரிவுக்கு அனுப்பினார்கள் என்றால் சரியான இடத்துக்கு அனுப்பினார்கள் என்றே கொள்ள வேண்டும்.

எவ்வளவு அரிது? பிரித்தானியாவில் ஆண்டுதோறும் 40,000 பேருக்கு மேல் பெருங்குடல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. அவற்றில் மிகப் பெரும்பான்மை குடலின் உட்சவ்வில் தோன்றும் வழக்கமான புற்றுநோய். பெருங்குடலில் வரும் புற்றுக் கட்டிகள் அனைத்திலும் லிம்போமா நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. ஐம்பது வயதைத் தாண்டியவர்களிலேயே கூடுதலாக வருகிறது. பெண்களை விட ஆண்களில் அதிகம். பெருங்குடல் தொடங்கும் இடத்தை, அதாவது வலது அடிவயிற்றில் குடல்வால் ஒட்டியிருக்கும் பை போன்ற பகுதியை, அது பெரிதும் விரும்புகிறது. வயது வந்தோரில் மிகுதியாகக் காணப்படும் வகை பெரிய பி கல லிம்போமா. வேகமாக வளரும் வகை அது. ஆனால் வேகமாக வளரும் கலங்களே மருந்துக்கும் நன்றாகப் படியும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு வருவோம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

எம்மிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொன்னால் விளங்கும். ஆளை அடையாளம் காணாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறோம். ஐயாவுக்கு 76 வயது. ஊரில் நாற்பது வருடம் ஆசிரியர். இங்கே மகளோடு இருக்கிறார். இருபது வருடமாக நீரிழிவு. ஆறு மாதத்தில் எட்டுக் கிலோ குறைந்திருந்தார். வீட்டில் எல்லோருக்கும் அதில் சந்தோசம். சோற்றைக் குறைத்துக் குரக்கன் பிட்டுக்கு மாறியதால்தான் மெலிந்தார், சீனியும் இறங்கிவிட்டது என்று மகள் பெருமையாகச் சொன்னார். ஐயா மட்டும், "எனக்குப் பசியே இல்லைப் பிள்ளை, நான் எங்கை சாப்பிடுறன்" என்றார்.

நீரிழிவு உள்ள ஒருவர் முயன்று மெலிவது வேறு, பசியின்றி மெலிவது வேறு. நிறை குறைந்தால் சீனியும் தானாக இறங்கும். அந்த நல்ல இலக்கத்தைப் பார்த்து நாம் எல்லோரும் மயங்கிவிடக் கூடாது. இந்த ஒரு விடயத்தை மட்டும் இக்கட்டுரையில் இருந்து எடுத்துக்கொண்டாலும் போதும்.

கேட்கக் கேட்கத்தான் மற்றவை வெளிவந்தன. மூன்று மாதமாக வலது அடிவயிற்றில் ஒரு கனம், இடையிடையே குத்து. சில நாள் மலம் இறுக்கம், சில நாள் இளக்கம். "காத்துப் பிடிச்சிருக்கும்" என்று இஞ்சியும் பெருங்காயமும் குடித்திருக்கிறார். மலத்தில் இரத்தம் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்தபோது வலது பக்கம் கீழே தோடம்பழம் அளவில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. இரத்தச் சோதனையில் ஹீமோகுளோபின் 98. ஆண்களுக்கு 130க்கு மேல் இருக்க வேண்டும். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைத் தேடும் ஃபிட் சோதனையும் இரத்தம் உண்டு என்றது. புற்றுநோய்ச் சந்தேகத்துக்கான அவசரப் பாதையில் அவரை அனுப்பினோம். இங்கிலாந்தில் முன்பு இருந்த இரண்டு வார விதிக்குப் பதிலாக, 2023 ஒக்டோபர் முதல், அனுப்பி 28 நாளுக்குள் புற்றுநோய் உண்டா இல்லையா என்று நோயாளிக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது இலக்கு.

இந்த நோயின் அறிகுறிகள் ஏறக்குறைய ஐயாவுக்கு வந்தவையே. வயிற்று வலி, நிறை குறைதல், பசியின்மை, கைக்குத் தட்டுப்படும் கட்டி, மலம் போகும் வழக்கம் மாறுதல், சோகை. சிலருக்கு இரவில் சட்டை நனையும் அளவு வியர்வையும் காரணமில்லாத காய்ச்சலும் இருக்கும். வழக்கமான குடல் புற்றுநோய் குடலை இறுக்கி அடைக்கும். லிம்போமா மென்மையான கட்டி. சுவரை இறுக்காமல் உள்ளேயும் வெளியேயும் வளர்ந்து கொண்டு போகும். அதனால் குடல் அடைப்பு வருவது குறைவு, கண்டுபிடிக்கும்போது கட்டி பெரிதாக இருப்பது வழமை.

சோகையைப் பற்றி ஒரு வார்த்தை. "நாங்கள் மரக்கறிக்காரர், அதனால்தான் இரும்பு குறைவு" என்ற விளக்கத்தை அடிக்கடி கேட்கிறோம். அறுபது வருடம் மரக்கறி சாப்பிட்டு நன்றாக இருந்தவருக்கு எழுபதாவது வயதில் திடீரென்று இரும்பு குறைந்தால் மரக்கறியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எங்கோ இரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அதேபோல மலத்தோடு இரத்தம் போனால் எல்லாமே மூலம் அல்ல. மூலம் இருப்பவருக்கும் குடலில் கட்டி வரலாம்.

கமராச் சோதனையும் அதற்குப் பிறகும்

கொலனோஸ்கோப்பி என்ற கமராச் சோதனைக்கு ஐயா முதலில் சம்மதிக்கவில்லை. வெட்கம். எமது தலைமுறை முதியவர்கள் பலருக்கு இது பெரிய தடை. பின்பக்கம் திறப்புள்ள காற்சட்டை தருவார்கள், வேண்டுமானால் மயக்க ஊசி போடுவார்கள், ஆண் பரிசோதகர் வேண்டும் அல்லது பெண் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம் என்று விளக்கிய பிறகே போனார். முதல் நாள் குடலைக் கழுவக் குடிக்கும் மருந்துதான் சோதனையை விடக் கஷ்டம் என்று பின்னர் சிரித்தார். நீரிழிவுக் குளிசையும் இன்சுலினும் எடுப்பவர்கள் அந்த ஒரு நாள் என்ன செய்வது என்று முன்னரே கேட்டுவைக்க வேண்டும். பட்டினியோடு வழக்கமான அளவு எடுத்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

கமராவில் பெரிய, புண்ணான கட்டி தெரிந்தது. பார்வைக்கு அது வழக்கமான புற்றுநோய் போலவே இருந்தது. சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பயொப்சியில்தான் கதை மாறியது. லிம்போமா சவ்வுக்கு அடியில் வளர்வதால் மேலோட்டமாக எடுத்த துண்டில் சில வேளை எதுவும் தெரியாது. பல இடங்களில் ஆழமாக எடுக்க வேண்டும், இரண்டாம் முறையும் எடுக்க நேரலாம். "முதல் முறை சரியாகச் செய்யவில்லை" என்று கோபப்படுவதில் அர்த்தமில்லை. ஐயாவின் துண்டைச் சிறப்புச் சாயங்கள் இட்டுப் பார்த்ததில், கலங்களின் மேற்பரப்பில் சிடி 20 என்ற புரதம் இருப்பது தெரிந்தது. பி கல லிம்போமாவின் அடையாளம் அது. சிகிச்சையில் குறிவைக்கப்படுவதும் அதுதான்.

எமது நாடுகளில் இருந்து வந்தவர்களுக்கு இந்த இடத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. பெருங்குடல் தொடங்கும் அதே மூலையைக் காசநோயும் விரும்புகிறது. நிறை குறைவு, காய்ச்சல், வலது அடிவயிற்றில் கட்டி எல்லாம் அதிலும் வரும். அமீபாக் கிருமியும் அந்த இடத்தில் கட்டி போன்ற வீக்கத்தை உண்டாக்கும். குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோயும் அப்படியே. காசநோய் என்று ஊகித்து மாதக்கணக்கில் மருந்து கொடுப்பதும், அழற்சி என்று நினைத்து ஸ்டெரொயிட் குளிசை கொடுப்பதும் லிம்போமாவின் விடயத்தில் ஆபத்தானவை. ஸ்டெரொயிட் கொடுத்தால் லிம்போமா சில வாரம் சுருங்கி நோய் மாறியது போலக் காட்டும். அந்த நேரத்தில் எடுக்கும் பயொப்சியும் குழம்பிப் போகும். ஊரில் இருந்து யாராவது கொண்டுவந்து தரும் பெயர் தெரியாத "உடம்பு தேறும்" குளிசைகளில் ஸ்டெரொயிட் கலந்திருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அப்படி ஏதும் எடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் ஏசமாட்டார்கள்.

கட்டி குடலில்தான் தொடங்கியது, வேறெங்கோ இருந்து வரவில்லை என்று சொல்வதற்கு 1961இல் டோசன் என்பவரும் அவருடைய சகாக்களும் வகுத்த அளவுகோல்கள் இன்றும் பேசப்படுகின்றன. வெளியே தெரியும் கணுக்கள் வீங்கியிருக்கக் கூடாது, நெஞ்சுப் படத்தில் கணு வீக்கம் இருக்கக் கூடாது, வெண்குருதிக் கலங்களின் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும், ஈரலும் மண்ணீரலும் தப்பியிருக்க வேண்டும், நோய் குடலிலும் அதன் பக்கத்துக் கணுக்களிலும் மட்டும் இருக்க வேண்டும். இன்று இதைப் பெரும்பாலும் பெற் ஸ்கான் ஒன்றே காட்டிவிடுகிறது. ஐயாவுக்குக் குடலும் அருகிலிருந்த சில கணுக்களும் மட்டுமே ஒளிர்ந்தன.

நோய் எந்தக் கட்டம் என்று கேட்பீர்கள். லிம்போமாவில் நான்காம் கட்டம் என்று சொன்னாலும், மற்றப் புற்றுநோய்களின் நான்காம் கட்டத்தோடு அதை ஒப்பிட வேண்டாம். நான்காம் கட்ட லிம்போமாவும் குணமாகக் கூடியது.

சிகிச்சை தொடங்குமுன் எடுக்கும் இரத்தத்தில் ஹெப்பரைற்றிஸ் பி, சி, எச்.ஐ.வி. மூன்றையும் பார்ப்பார்கள். எச்.ஐ.வி. என்றவுடன் சில குடும்பங்களில் முகம் கறுத்துவிடுகிறது. லிம்போமா உள்ள எல்லோருக்கும் இது செய்யப்படுகிறது. யாருடைய ஒழுக்கத்தையும் பற்றிய கேள்வி அல்ல. எம்மவருக்கு ஹெப்பரைற்றிஸ் பி சோதனை விசேடமாக முக்கியம். பழைய காலத்தில் கொதிக்க வைத்துத் திரும்பத் திரும்பப் பாவித்த ஊசிகள், போர்க்காலத்தில் அவசரத்தில் ஏற்றிய இரத்தம், இவை வழியாக எப்போதோ வந்து போன கிருமி ஈரலில் உறங்கிக்கொண்டிருக்கும். லிம்போமா மருந்து அதைத் தட்டி எழுப்பினால் ஈரல் பழுதாகி உயிரே போகலாம். முன்பே தெரிந்தால் தினம் ஒரு குளிசையால் தடுத்துவிடலாம். ஐயாவுக்கு அந்தப் பழைய தடயம் இருந்தது. எப்போது வந்தது என்று அவருக்கே தெரியாது. எம்மைப் போலவே அவரும் எந்த மருத்துவப் பத்திரமும் இல்லாமல் இந்த நாட்டுக்கு வந்தவர்.

வெட்டி எடுப்பதா, மருந்தா?

"கட்டியை வெட்டி எறிந்துவிட்டால் என்ன?" என்பது நியாயமான கேள்வி. வழக்கமான குடல் புற்றுநோயில் சத்திரசிகிச்சையே முதல் வழி. லிம்போமாவில் மருந்தே பிரதானம். குடல் அடைத்தால், ஓட்டை விழுந்தால், இரத்தம் நிற்காமல் போனால் வெட்டத்தான் வேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பிறகே லிம்போமா என்று தெரியவரும் நோயாளர்களும் உண்டு. நோய் ஓரிடத்தில் மட்டும் இருக்கும்போது முதலில் வெட்டிவிட்டு மருந்து கொடுப்பதில் நன்மை உண்டு என்று கருதும் நிபுணர்களும் இருக்கிறார்கள். அது ஒவ்வொரு நோயாளிக்கும் நிபுணர் குழு கூடி எடுக்கும் முடிவு. எப்படி வெட்டினாலும் மருந்து வேண்டும்.

அந்த மருந்துக் கூட்டுக்கு ஆர்-சொப் என்று பெயர். மூன்று வாரத்துக்கு ஒரு முறை, வழக்கமாக ஆறு முறை. நான்கு பழைய மருந்துகளோடு சேரும் 'ஆர்' என்பது றிற்றுக்சிமாப். மேலே சொன்ன சிடி 20 புரதத்தைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் மருந்து. அமெரிக்காவில் 1997இல் முதலில் அனுமதிக்கப்பட்டது. வயது போனவர்களுக்கு இதனால் என்ன பயன் என்பதற்குப் பிரான்சில் இருந்து 2002இல் தெளிவான விடை வந்தது. பெரிய பி கல லிம்போமா உள்ள 60 முதல் 80 வயதுக்குட்பட்ட 399 பேரில் ஆய்வு செய்தார்கள். பழைய மருந்துகள் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 57 பேர் இரண்டு ஆண்டின் பின் உயிரோடிருந்தார்கள்; றிற்றுக்சிமாப்பும் சேர்த்துப் பெற்றவர்களில் நூற்றுக்கு 70 பேர். எண்பதைத் தாண்டியவர்களுக்கு அளவைக் குறைத்துக் கொடுக்கும் முறை ஒன்று 2011இல் வெளியானது. அதிலும் நூற்றுக்கு ஐம்பத்தொன்பது பேர் இரண்டு ஆண்டைக் கடந்தார்கள். 2023 முதல் பிரித்தானியாவில் இந்தக் கூட்டின் ஒரு மருந்தை மாற்றிப் புதிய மருந்து சேர்க்கும் வழியும் சில நோயாளர்களுக்குக் கிடைக்கிறது.

வயதை மட்டும் வைத்து முடிவெடுக்கும் காலம் போய்விட்டது என்று சொல்லத்தான் இந்த இலக்கங்கள். ஒருவர் தானாகக் குளிக்கிறாரா, படியேறுகிறாரா, இதயமும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்றுதான் வைத்தியர் பார்க்கிறார். "இவருக்கு எழுபத்தாறு, விட்டுவிடுங்கோ" என்று பிள்ளைகள் சொல்வதைக் கேட்கும்போது எமக்குக் கவலையாக இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டியவர் நோயாளி. அதுவும் எல்லாம் விளங்கிய பிறகு.

"அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ"

ஐயாவின் மகளும் இதைத்தான் கேட்டார். "டொக்டர், கான்சர் எண்டு தெரிஞ்சால் அவர் உடைஞ்சு போயிடுவார். குடலில புண் எண்டு சொல்லுங்கோ. நான்தானே மொழிபெயர்க்கிறன்." அன்பினால் கேட்பது. ஆனால் முடிவுரை தெரியாத ஒருவர் எதற்குச் சம்மதிக்கிறார்? மாதக்கணக்கில் மருந்து ஏறும்போது தலைமயிர் கொட்டும், புற்றுநோய்ப் பிரிவின் பெயர்ப்பலகையைக் கடந்து போவார், பக்கத்துக் கதிரையில் இருப்பவர் என்ன நோய் என்று கேட்பார். நாம் மகளிடம் சொன்னது இவ்வளவுதான்: அவர் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே கேட்போம், வைத்தியசாலை மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஒழுங்கு செய்வோம், நீங்கள் மகளாக மட்டும் பக்கத்தில் இருங்கள்.

கேட்டோம். ஐயா மகளைப் பார்த்து, "நாப்பது வருசம் பிள்ளையளின்ரை முகத்தைப் பாத்துப் படிப்பிச்சனான். நீ ரெண்டு கிழமையா என்ரை முகத்தைப் பாக்கேல்லை. எனக்கு அண்டைக்கே விளங்கிட்டுது" என்றார். மகள் அழுதார். பிறகு மூவரும் மொழிபெயர்ப்பாளரோடு இருந்து ஒரு மணித்தியாலம் கதைத்தோம். ஐயா கேட்ட கேள்விகள் எல்லாம் நல்ல கேள்விகள். கடைசியாகக் கேட்டது, பேத்தியின் சாமத்திய வீட்டுக்குத் தலைமயிர் இல்லாமல் எப்படி நிற்பது என்பது.

பேரப்பிள்ளைகளை மொழிபெயர்க்க அழைத்துவர வேண்டாம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம். பதினான்கு வயதுப் பிள்ளையின் வாயால் அப்பப்பாவுக்குப் புற்றுநோய் என்று சொல்ல வைப்பது இரண்டு பேருக்கும் செய்யும் கொடுமை.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

மருந்து ஏறும் காலத்தில் மிகப் பெரிய ஆபத்து கிருமித் தொற்று. வெண்குருதிக் கலங்கள் குறைந்திருக்கும்போது சாதாரணக் காய்ச்சலும் சில மணித்தியாலத்தில் உயிருக்கு ஆபத்தாகும். வீட்டில் ஒரு வெப்பமானி இருக்கட்டும். 38 பாகையைத் தொட்டால், அல்லது காய்ச்சல் இல்லாமலே நடுங்கினால், மாறாட்டமாகக் கதைத்தால், இரவு இரண்டு மணியானாலும் வைத்தியசாலை தந்த 24 மணிநேர இலக்கத்துக்கு அழையுங்கள். எம்மவரின் முதல் வேலை இரண்டு பனடோல் கொடுப்பது. அளந்து பார்க்காமல் கொடுக்க வேண்டாம். காய்ச்சல் மறைந்துவிடும், கிருமி மறையாது. ஐயாவுக்கு மூன்றாம் முறை மருந்துக்குப் பின் பத்தாம் நாள் இரவு 38.4 இருந்தது. மகள் விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அன்றிரவே நாளத்தில் நுண்ணுயிர்க்கொல்லி ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தார்.

திடீரென்று தாங்க முடியாத வயிற்று வலி வந்து வயிறு பலகை போல இறுகினால் 999. கட்டி மருந்துக்குக் கரையும்போது குடற்சுவரில் ஓட்டை விழ இடமுண்டு. முக்கியமாக முதல் சில வாரங்களில்.

மருந்தோடு ஒவ்வொரு முறையும் ஐந்து நாள் கொடுக்கும் பிரெட்னிசலோன் நீரிழிவு உள்ளவர்களுக்குச் சீனியை வானத்துக்கு ஏற்றும். ஐயாவுக்கு 24 வரை போனது. அந்த நாட்களுக்கு மட்டும் இன்சுலின் கொடுத்தோம். மருந்து தொடங்குமுன்பே குடும்ப வைத்தியரிடமோ நீரிழிவுத் தாதியிடமோ இதைப் பற்றிப் பேசி வையுங்கள். இன்னொரு மருந்து சிவப்பு நிறம். ஒன்றிரண்டு நாள் சலம் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். அதே மருந்து இதயத்தைத் தாக்கக் கூடியது என்பதால் முன்கூட்டியே இதய ஸ்கான் எடுப்பார்கள். விரல் நுனி விறைத்துச் சட்டைப் பொத்தான் பூட்டக் கஷ்டமானால் தாதியிடம் சொல்ல வேண்டும். மலச்சிக்கலும் வரும்.

சாப்பாட்டில் பத்தியம் எதுவும் இல்லை. இந்தக் காலத்தில் பட்டினி போடுவதும் மீன், முட்டை, இறைச்சியை நிறுத்துவதும் ஆளை இன்னும் உருக்கிவிடும். நன்றாக அவித்தது, சமைத்து உடனே சாப்பிடுவது எல்லாம் நல்லது. பழஞ்சோறு, முதல் நாள் வைத்த கறி, கடையில் திறந்து வைத்த சாப்பாடு வேண்டாம். நோயாளிக்குத் தெம்பு வர முட்டைக்கோப்பி அடித்துக் கொடுப்பது எமது வழக்கம். பச்சை முட்டை இப்போது வேண்டாம். நன்றாக அவித்த முட்டை கொடுங்கள். கறிக்குப் போடும் மஞ்சளால் பயமில்லை. மஞ்சள் சத்துக் கப்சூல், சீந்தில், பெயர் தெரியாத லேகியம் எதையும் கேட்காமல் கொடுக்கக் கூடாது. கோவிட் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் குடித்துச் சிலருக்கு ஈரல் பழுதானது 2021இல் இந்திய வைத்தியர்களால் பதிவு செய்யப்பட்டது. ஈரல் வழியாகப் போகும் மருந்துகளோடு இது விளையாட்டல்ல.

இங்கிலாந்தில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மருந்துச் சீட்டு இலவசம். அதற்குக் குறைந்த வயதினரும் புற்றுநோய் என்றால் கட்டண விலக்குச் சான்றிதழ் பெறலாம். படிவம் உங்கள் ஜீபியிடம் உண்டு. 50 முதல் 74 வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தபாலில் வரும் மலச் சோதனைப் பெட்டியை மேசை லாச்சிக்குள் போட்டு வைக்காமல் செய்து அனுப்புங்கள். 75க்கு மேற்பட்டவர்களும் கேட்டுப் பெறலாம். ஆனால் அந்தப் பெட்டி ஒரு குறையும் இல்லாதவர்களுக்கானது. அதில் ஒன்றுமில்லை என்று கடிதம் வந்திருந்தாலும், நிறை குறைகிறது, வயிற்றில் கட்டி தட்டுப்படுகிறது, மலம் போகும் வழக்கம் மாறியிருக்கிறது என்றால் அந்தக் கடிதத்தை நம்பி இருக்காமல் ஜீபியிடம் போக வேண்டும்.

ஐயாவுக்கு ஆறு முறை மருந்தும் முடிந்தபின் எடுத்த ஸ்கானில் நோய் தெரியவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் கடந்துவிட்டது. இந்த வகை லிம்போமா திரும்பி வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள்தான் வரும் என்பதால் இப்போது அவருடைய வைத்தியர்களும் சற்று ஆறுதலாக இருக்கிறார்கள். நோய் திரும்பினாலும் இன்று வேறு வழிகள் உண்டு. நோயாளியின் சொந்த வெண்குருதிக் கலங்களையே எடுத்துப் பயிற்றித் திருப்பி ஏற்றும் சிகிச்சை அவற்றில் ஒன்று. நிறை ஐந்து கிலோ கூடியிருக்கிறது. சீனியும் கூடியிருக்கிறது. அதற்காக மறுபடி எம்மிடம் வந்து போகிறார்.

அடுத்த இதழில், வாசகர்கள் பலர் கேட்டபடி, மூலநோய் பற்றிப் பார்ப்போம்.